வெர்னாகுலர் என்னும் சொல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

    

செயலாளர் அவர்கள் எம்மை இம்மேடையில் பேசுமாறு பணித்தபோது யாம் பெரிதும் தயங்கினோம். யாம் புலவர் அல்லேம். பட்டம் பெற்றவரும் அல்லேம். தாராவியில் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியிற் பயின்று, இருபதாண்டுக்கு மேலாக இரயில்வே அலுவலகமொன்றில் எழுத்தராய்க் கோப்புகளோடு காலங்கழித்து வருகின்றோம். ஆயினும், ஆங்கிலச் சொல்லொன்று ஓராண்டாக எம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருக்கின்றது. அதனை உங்கள் முன்னிலையில் பிடுங்கிக் காட்டலாம் என்னும் துணிவினாலேயே இங்கு வந்து நிற்கின்றோம்.

சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுது. அலுவல் முடிந்து செம்பூரில் இறங்கி வீடு சேர்ந்தோம். எம் மகள் கல்லூரியில் பதினோராம் வகுப்பிற் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அண்டை வீட்டுப் பெண்ணும் அதே கல்லூரியிற் சேர்ந்திருந்தாள். அவள் தமிழ்வழிப் பள்ளியிற் படித்து வந்தவள். “நாளை முதல் இருவரும் சேர்ந்தே போகலாமே, அம்மா” என்றோம். “வேண்டாம் அப்பா, அவள் வெர்னாக்” என்றாள் எம் மகள்.

‘வெர்னாகுலர்’ என்னும் சொல்லின் சிதைவே இந்த ‘வெர்னாக்’. ஆங்கிலம் பேசத் தடுமாறுவோரை, மராத்தி வழியிலோ குசராத்தி வழியிலோ தமிழ் வழியிலோ படித்து வந்தோரை, ஏளனஞ் செய்வதற்கென்று இம்மாநகரக் கல்லூரி மாணவர் வழங்கும் சொல் அது. “அப்படியானால் உன் தந்தையும் வெர்னாக் தானே?” என்று கேட்டோம். அவள் விடை கூறவில்லை. யாமும் மேலே வற்புறுத்தவில்லை. ஏனெனில், அவளை ஆங்கிலவழிப் பள்ளியிற் சேர்த்தவர் யாமே. அவள் சிறுமியாயிருந்த காலத்தில் மின்வண்டியில் உரக்கத் தமிழ் பேசியபோது, நாற்புறமும் பார்த்துவிட்டு, “மெல்லப் பேசு” என்று அடக்கியவரும் யாமே. பயிர் முளைத்தபின் விதையைக் குற்றங்கூறுதல் தகுமோ?

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் அலுவலக நண்பர் ஒருவரிடம் பெரிய ஆங்கில அகராதியொன்றை இரவல் வாங்கினோம். அன்று தொடங்கிய தேடலில் கிடைத்தவற்றையே இனிக் கூறப் போகின்றோம்.

ஆங்கிலத்தில் ‘வெர்னாகுலர்’ என்பது பெயருக்கு அடைமொழியாய் நிற்கும் சொல். ஒரு நாட்டில் இயல்பாய் வழங்குவது, பிறந்த மண்ணுக்கு உரியது என்பது அதன் பொருள். மொழிக்கு மட்டுமன்றிக் கட்டடக் கலைக்கும் அது அடையாகும். அவ்வூர் மண்ணையும் மரத்தையும் கொண்டு, அவ்வூர்க் கொத்தனார் தாம் வழிவழியாய் அறிந்த முறையிற் கட்டும் வீட்டினை ‘வெர்னாகுலர்’ கட்டடம் என்பர். கேட்பதற்கு இனிமையாகவே இருக்கின்றது. ஆனால் வேரைத் தோண்டினால் கசப்புத் தென்படுகின்றது.

இச்சொல் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்திற் புகுந்தது. இலத்தீன் மொழியிலுள்ள ‘வெர்னாகுலஸ்’ என்பதே அதன் தாய். அதற்கும் தாய் ‘வெர்னா’ என்னும் சொல். வெர்னா என்பவர் யார்? உரோமாபுரியில் தலைவனுடைய வீட்டிலேயே அடிமைக்குப் பிறந்த அடிமை. போரிற் பிடிபட்டோரும் சந்தையில் விலைக்கு வாங்கப்பட்டோரும் ஒருவகை அடிமைகள். வீட்டிற் பிறந்த வெர்னாக்கள் மற்றொரு வகை. அவர்கள் தலைவனுடைய முற்றத்திலே தவழ்ந்து வளர்ந்தவர்கள். செல்லத்தால் வாய்த்துடுக்கு மிகுந்தவர்கள் என்றும் பெயர் பெற்றவர்கள். ஆயினும் என்? செல்லப் பிள்ளையானாலும் அடிமை அடிமைதானே!

அன்பர்களே! இதனைப் படித்தபோது எம் கை சிறிது நடுங்கிற்று. நம் தாய்மொழிக்கு ஒட்டப்பட்ட அடைமொழி அடிமையின் தொட்டிலில் பிறந்ததா என்று சினங்கொண்டோம். ஆயினும், சினத்தோடு புத்தகத்தை மூடியவர் பாதிதான் படித்தவராவார். யாம் மேலும் படித்தோம்.

வாரோ என்பவர் கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியப் பேரறிஞர். இலத்தீன் மொழியைப் பற்றி அவர் இயற்றிய நூலில், நீர்வாழ் உயிர்களின் பெயர்களை ஆராயுமிடத்து, அவற்றிற் சில உள்நாட்டுப் பெயர்கள், சில அயல்நாட்டுப் பெயர்கள் என்று பகுக்கின்றார். அங்கே உள்நாட்டுப் பெயரைச் சுட்ட அவர் எடுத்தாளும் அடைமொழி ‘வெர்னாகுலஸ்’ என்பதே. நம் தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தாரல்லரோ? எல்லார்க்கும் இயல்பாய் விளங்கும் சொல்லை இயற்சொல் என்றார். வாரோவின் ‘வெர்னாகுலஸ்’ ஏறத்தாழ அவ்விடத்திலேதான் நிற்கின்றது. அங்கே இழிவு சிறிதும் இல்லை.

இன்னும் ஒரு செய்தி. சொல்லின் செல்வராகிய சிசரோ, கி.மு. 46-ஆம் ஆண்டில், உரோமாபுரியின் நாவலர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு நிகழ்ச்சி வருகின்றது. வெளியூரிலிருந்து வந்த டிங்கா என்பவர் நகைச்சுவையில் வல்லவர். அவருக்கும், உரோமாபுரியில் ஏலங்கூறும் தொழில் புரிந்த கிரானியுஸ் என்பவருக்கும் சொற்போர் மூண்டது. இருவரும் சிரிக்கச் சிரிக்கப் பேசினர். ஆயினும் கிரானியுஸே வென்றார். எதனால் வென்றார்? இன்னதென்று எடுத்துக்கூற இயலாததொரு ‘வெர்னாகுலஸ்’ சுவை அவர் பேச்சில் இருந்ததனால் என்கின்றார் சிசரோ. அஃதாவது, மண்ணின் சுவை. பிறந்து வளர்ந்தவன் நாவிலன்றிப் பிறிதெங்கும் ஊறாத சுவை. அடிமையின் பெயரிலிருந்து பிறந்த சொல், உலகம் போற்றும் நாவலர் ஒருவர் கையில் புகழ்மாலையாயிற்று.

சொற்களும் மனிதரைப் போன்று ஏறி இறங்குவன. ‘மினிஸ்டர்’ என்று நாம் கைகூப்பும் சொல் இலத்தீனில் ஏவலாளன் என்றே பொருள்படும். ‘மார்ஷல்’ என்னும் படைத்தலைவர் பட்டம், குதிரை பேணும் வேலையாளிடமிருந்து வந்தது. மாறாக, ‘வில்லன்’ என்று நாம் திரைப்படத்திற் காணும் கொடியவன் தொடக்கத்தில் பண்ணையில் உழைத்த குடியானவனே. செல்வர் அவனை இகழ்ந்து இகழ்ந்து தீயவனாக்கினர். எம்மை அலுவலகத்தில் ‘கிளார்க்’ என்று அழைக்கின்றனரே, அச்சொல்லும் ஒருகாலத்தில் சமய குருமாரைக் குறித்தது; ஐரோப்பாவில் அந்நாளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் அவர்களே. ஆகவே, சொல்லின் பிறப்பை மட்டும் கண்டு உயர்வு தாழ்வு கற்பித்தல் தவறு. அதனை இன்று யார், எவர்மீது, எந்நோக்கத்தோடு ஏவுகின்றனர் என்பதே காணத்தக்கது.

அங்ஙனங் காணின் வியப்பொன்று வெளிப்படும். ஆங்கிலமே ஒருகாலத்தில் ‘வெர்னாகுலர்’ மொழிதான்! இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் பிரெஞ்சு மொழியிலேயே வழக்காடினர். மக்களுக்கு அது விளங்கவில்லை என்று 1362-இல் சட்டமியற்றி, ஆங்கிலத்தில் வழக்காட வழி செய்தனர். அப்போதும் பதிவேடுகள் இலத்தீனிலேயே இருந்தன. 1733-இல்தான் அவை ஆங்கிலத்திற்கு மாறின. ஐசக் நியூட்டன் தம் பெருநூலை 1687-இல் இலத்தீனில் வெளியிட்டார். ஒளியைப் பற்றிய நூலை 1704-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். கற்றோர் அவையில் இடமில்லாதிருந்த மொழி, தன் மக்கள் அதில் எழுதத் தொடங்கியமையால் அவையேறியது. எழுதினர், ஆதலின் உயர்ந்தது. இதனை நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பின்னர் இதற்கே திரும்புவோம்.

இனி, இச்சொல் நம் நாட்டிற்கு வந்த கதை. 1835-இல் மெக்காலே எழுதிய கல்விக் குறிப்பு, இந்நாட்டு மக்கள் பேசும் மொழிகளில் இலக்கியச் செல்வமோ அறிவியற் செல்வமோ இல்லை என்று கூறிற்று. 1854-இல் வந்த சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை சற்றுப் பரிவோடு, பொதுமக்களுக்கு அவரவர் மொழியிலேயே கல்வி தரவேண்டும் என்றது; ஆயினும் உயர்கல்விக்கு ஆங்கிலத்தையே வைத்தது. மாடிக்கு ஆங்கிலம், முற்றத்திற்கு ‘வெர்னாகுலர்’ என்று வீடு இரண்டாய்ப் பிரிந்தது. 1878-இல் லிட்டன் பிரபு ஆட்சியில் ‘வெர்னாகுலர்’ பத்திரிகைச் சட்டம் பிறந்தது. அதன்படி, இந்நாட்டு மொழிகளில் வெளிவரும் ஏடுகளின் அச்சகத்தார் பிணைப்பணம் கட்டவேண்டும், அச்சகம் பறிமுதலாகலாம், நீதிமன்றம் சென்று முறையிடவும் வழியில்லை. ஆங்கில ஏடுகளுக்கோ இக்கட்டு ஒன்றும் இல்லை. வங்கத்தின் அமிர்த பசார் பத்திரிகை உடனே முழுவதும் ஆங்கில ஏடாக மாறி இவ்வாய்ப்பூட்டிலிருந்து தப்பியது. 1880 முதல் 1884 வரை வைஸ்ராயாயிருந்த ரிப்பன் பிரபு காலத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஒரே செய்தியை ஆங்கிலத்தில் அச்சிட்டால் கருத்து. தாய்மொழியில் அச்சிட்டால் கலகம்! சிசரோ சூட்டிய மாலை இங்கே விலங்காயிற்று.

இவ்விலங்கைத் தமிழுக்காக உடைக்க முற்பட்டவர்களுள் ஒருவரை இம்மேடையில் நினைத்தல் நம் கடமை. மதுரைக்கு அண்மையிலுள்ள விளாச்சேரியில் 1870-இல் பிறந்த வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார், பரிதிமாற் கலைஞர் எனத் தம் பெயரைத் தமிழாக்கிக் கொண்டவர். சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலே தமிழாசிரியராய் விளங்கினார். 1902-இல், சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை நீக்கும் எண்ணம் எழுந்தது. வடமொழி உயர்மொழியாம், தமிழ் வெறும் ‘வெர்னாகுலர்’ மொழியாம்! பரிதிமாற் கலைஞரும் மு. சி. பூரணலிங்கம் பிள்ளையும் அதனை வன்மையாக எதிர்த்தனர்; அம்முயற்சி கைவிடப்பட்டது. தமிழை ‘உயர்தனிச் செம்மொழி’ என்று காரணங்காட்டி நிறுவினார் பரிதிமாற் கலைஞர். அடுத்த ஆண்டே, 1903-இல், தமது 33-ஆம் அகவையில் மறைந்தார். அவர் கூறியதனை இந்திய அரசு ஏற்றுத் தமிழைச் செம்மொழி என அறிவித்தது 2004-ஆம் ஆண்டில். நூறாண்டு கடந்து விடை வந்தது! நமக்குச் சோறளிக்கும் இம்மண்ணின் மொழியாகிய மராத்தியும் 2024-இல் செம்மொழித் தகுதி பெற்றது. மராத்தி வழியிற் படித்த பிள்ளையையும் அப்பிள்ளையின் சொந்த நகரத்திலேயே ‘வெர்னாக்’ என்கின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது. இவ்விழிவு நமக்கு மட்டும் உரியதன்று. இதைத் துடைப்பதும் நம்மால் மட்டும் ஆவதன்று.

சரி, அரசு அறிவித்துவிட்டது, நாமும் பெருமைப்பட்டோம். கதை முடிந்ததா? முடியவில்லை. இங்கேதான், அன்பர்களே, எம் நெஞ்சில் தைத்த முள்ளின் மறுமுனை இருக்கின்றது.

எம் தந்தையார் நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து தோல் பதனிடும் ஆலையில் உழைத்தவர். அவர் மறைந்தபின் எமக்கு எஞ்சியது அவருடைய பழைய கணக்கு நோட்டுப் புத்தகம் ஒன்று. சென்ற தீபாவளிக்கு முன்னர் வீட்டைத் துப்புரவு செய்கையில் எம் மகள் அதனைக் கண்டெடுத்தாள். பக்கம் பக்கமாய்ப் புரட்டினாள். “ஐம்பது... இருபத்தைந்து... நூறு” என்று எண்களை மட்டும் படித்தாள். எண்களுக்கு எதிரே இருந்த எழுத்துகளைப் படிக்க அவளுக்குத் தெரியவில்லை. தன் பாட்டனார் எவ்வளவு கொடுத்தார் என்பது தெரிந்தது. யாருக்குக் கொடுத்தார் என்பது தெரியவில்லை. எமக்கு அழுகையே வந்துவிட்டது. “பிறகு படித்துக் காட்டுகின்றோம்” என்று சொல்லி அலுவலுக்குப் போய்விட்டோம்.

மாலையில் திரும்பி வந்தபோது வீட்டு வாயிலில் இரண்டு இணைச் செருப்புகள் கிடந்தன. உள்ளே எம் மகளும் அண்டை வீட்டுப் பெண்ணும் தரையில் அமர்ந்திருந்தனர். நடுவில் அந்த நோட்டுப் புத்தகம். அவள் விரலை வைத்துப் படிக்கின்றாள், இவள் கேட்கின்றாள். ஆலைத் தோழர் ஒருவருக்குக் கொடுத்த கைமாற்று. குடும்ப அட்டை வாங்கிய நாள். எம் தங்கை பிறந்த நாளும் நேரமும். கடைசிப் பக்கத்தில், ‘மகனுக்கு இரயில்வேயில் உத்தியோகம் கிடைத்தது’ என்று ஒரு வரி. அவ்வரியை அந்தப் பெண் படித்தபோது யாம் கதவருகே நின்றுகொண்டிருந்தோம். தந்தையார் அதனை எழுதி வைத்திருந்தார் என்பதே எமக்கு அதுவரை தெரியாது. கணக்குத்தானே என்று யாம் கடைசி வரை புரட்டியதில்லை. எம் குடும்பத்தின் வரலாற்றை எமக்குப் படித்துக் காட்டியவள், எம் வீட்டில் ‘வெர்னாக்’ என்று இகழப்பட்ட பெண்!

அன்றுதான் எமக்கு ஒன்று விளங்கிற்று. உரோமாபுரியின் வெர்னாவை அடிமையாக்கியது எது? வீட்டிற் பிறந்தமையா? அன்று, வீட்டிற் பிறப்பது குற்றமாகுமா? தன் விருப்பப்படி அவ்வீட்டு வாயிலைத் தாண்டிச் செல்லும் உரிமை அவனுக்கு இல்லாமையே அவனை அடிமையாக்கிற்று. நம் தமிழின் நிலையை எண்ணிப் பாருங்கள். தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் நம் வீடுகளில் தமிழ் இருக்கின்றது. குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்கத் தமிழ் உதவுகின்றது. பாட்டியோடு பேசத் தமிழ் உதவுகின்றது. கடிதம் எழுதவோ, கணக்கு எழுதவோ, கருத்து எழுதவோ நாம் அதனை அழைப்பதில்லை. வாயிற்படியைத் தாண்ட அதற்கு நாமே அனுமதி தருவதில்லை. மெக்காலே வந்து பூட்டவில்லை. லிட்டன் வந்து பூட்டவில்லை. மின்வண்டியில் “மெல்லப் பேசு” என்று கூறிய எம்மைப் போன்றோர் பூட்டினோம். மேடையேறிச் செம்மொழி என்று முழங்கிவிட்டு, வீட்டிலே அதனை வெர்னாவாக வைத்திருக்கின்றோம்.

ஆங்கிலம் வேண்டாவென்று யாம் கூறவில்லை. ஆங்கிலமின்றி எம் அலுவலகத்தில் ஒரு கோப்பும் நகராது. இந்தியும் மராத்தியும் வேண்டும். இம்மண்ணில் வாழ்வோர் இம்மண்ணின் மொழியை அறிதல் நன்றியுணர்வுமாகும். எம் மகள் ஆங்கிலத்தில் நன்கு எழுதுகின்றாள். அதில் எமக்குப் பெருமையே. ஆனால் தன் பாட்டனார் கையெழுத்தைப் படிக்க அண்டை வீட்டாரை நாடும் நிலை எம் பேரப்பிள்ளைக்கு வருமாயின், அன்று நாட அந்த அண்டை வீடும் இருக்குமோ?

சந்தையில் ஒரு வேடிக்கை காணலாம். ஒருகாலத்தில் ‘சீமை’ என்ற அடைமொழி சேர்ந்தால் பொருளுக்கு மதிப்பு. ‘நாட்டு’ என்றால் மட்டம். இன்று நாட்டுக்கோழியின் விலை என்ன? நாட்டுச் சர்க்கரையின் விலை என்ன? கேட்டு வாங்குவோர் மிகுந்ததனால் ‘நாட்டு’ என்னும் அடைமொழி தலைநிமிர்ந்தது. சொல்லுக்கு மதிப்பளிப்பது அகராதியன்று. அதனைக் கேட்டு வாங்குவோரே. நாட்டுக்கோழிக்கு நாம் தந்த மதிப்பை நாட்டுமொழிக்குத் தரலாகாதா?

ஆகவே, இப்பேரவைக்கு எம் வேண்டுகோள் ஒன்றே. ஆண்டுக்கொரு முறை விழா எடுக்கின்றோம், நன்று. ஞாயிறுதோறும் காலையில் ஒரு மணி நேரம் சங்கத்தில் தமிழ் எழுத்து வகுப்பொன்று நடத்துவோம். ஆங்கிலவழியிற் பயிலும் நம் பிள்ளைகள் வரட்டும். எழுத்துகள் 247 என்று கேட்டு அஞ்ச வேண்டா. உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் ஆய்தமும் கற்றுக் குறியீடுகளை அறிந்தால் மற்றவை தாமே வந்தமையும். தமிழ்வழியிற் படித்த பிள்ளைகளே அங்கு ஆசிரியராகட்டும். எவரைக் கல்லூரியில் ‘வெர்னாக்’ என்கின்றனரோ, அவரை நம் சங்கத்தில் ‘ஆசிரியர்’ என்று அழைப்போம். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் வாங்கும் செலவு எம்முடையதாகட்டும்.

இறுதியாக ஒரு செய்தி. எம் மகளும் அண்டை வீட்டுப் பெண்ணும் இப்போது சேர்ந்தே கல்லூரிக்குச் செல்கின்றனர். இவள் அவளுக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதத் துணை புரிகின்றாள். அவள் இவளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித் தருகின்றாள். இருவரிடையே யார் தலைவர், யார் வெர்னா என்று எமக்குத் தெரியவில்லை. சென்ற வாரம் எம் மகள் தன் பாட்டனாரின் நோட்டுப் புத்தகத்தில், கடைசி வரிக்குக் கீழே, எழுத்துக் கூட்டி ஒரு வரி எழுதினாள். ‘இதை நான் படித்தேன்’ என்பதே அவ்வரி. ‘படித்தேன்’ என்பதில் ஓர் ஒற்று விட்டுப் போயிருந்தது. யாம் அதனைத் திருத்தவில்லை. அடுத்த வாரம் அவள் ஆசிரியை திருத்துவாள்.